அண்டார்டிக் ஒப்பந்தத்துக்கு முன் துருவங்களில் கூட்டாய்வு நடந்ததா?

9 ஜனவரி, இரவு 9.40 (இழையைத் தொடங்கியவர்)

1959-இல் அண்டார்டிக் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் துருவங்களில் நாடுகள் சேர்ந்து ஆய்வு செய்யத் தொடங்கின என்பது என் வாதம். அதற்கு முன் நடந்தது கொடி நடும் போட்டி: பியரி, அமுண்ட்சென், ஸ்காட். அரசுகள் கதவைத் திறந்துவிட்டன, அப்புறம்தான் விஞ்ஞானிகள் உள்ளே போனார்கள். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வாருங்கள்.

9 ஜனவரி, இரவு 11.15

வரிசை தலைகீழாக இருக்கிறது. பல நாடுகள் ஒரே காலத்தில் துருவங்களில் அளவெடுத்த முதல் பன்னாட்டுத் துருவ ஆண்டு 1882–83. ஒப்பந்தத்துக்கு 77 வருடம் முந்தியது. 1959-இல் கையெழுத்திட்ட 12 நாடுகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, பெல்ஜியம், சிலி, பிரான்ஸ், ஜப்பான், நியூசிலாந்து, நார்வே, தென்னாப்பிரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், அமெரிக்கா. 1957–58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டில் அண்டார்டிகாவிலும் அதைச் சுற்றியும் ஆய்வு நடத்திய நாடுகள் இவையே. ஒப்பந்தத்தின் முகவுரையிலும் இரண்டாம் பிரிவிலும் அந்த ஆண்டின் பெயரே இருக்கிறது: அப்போது நடந்தது போல ஆய்வுச் சுதந்திரமும் ஒத்துழைப்பும் தொடர வேண்டும் என்று. ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த ஒன்றைத்தான் சட்டமாக எழுதினார்கள்.

10 ஜனவரி, காலை 6.50

கொடிப் போட்டியைப் பற்றி. அதை முதலில் கடுமையாக எதிர்த்தவர் அந்தப் போட்டியில் வென்ற ஒருவர். கார்ல் வைப்ரெக்ட், ஆஸ்திரிய-ஹங்கேரி கடற்படை அதிகாரி. டெகெட்ஹாஃப் கப்பல் பனியில் சிக்கி, அவர் குழு ஃபிரான்ஸ் ஜோசப் நிலத்தைக் கண்டுபிடித்து, 1874-இல் கால்நடையாகவும் படகிலும் திரும்பியது. மறுவருடம் கிராட்ஸ் நகரில் பேசும்போது, ஆளுக்கொரு பயணம் போய் வரைபடத்தில் கோடு சேர்ப்பதால் அறிவியலுக்குக் கிடைப்பது சொற்பம் என்றார். துருவ ஒளி, காந்தப் புயல் (பூமியின் காந்தப்புலத்தில் வரும் கலக்கம்), வானிலை இம்மூன்றையும் ஒரே இடத்திலிருந்து புரிந்துகொள்ள முடியாது. பல இடங்களில், ஒரே மாதிரிக் கருவிகளால், ஒரே நொடியில், ஒரு வருடம் முழுக்க அளக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

ஹாம்பர்க் 1879, பெர்ன் 1880, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 1881 என மூன்று மாநாடுகள் அதைச் செயல்முறை ஆக்கின. வைப்ரெக்ட் 1881 மார்ச்சில் காசநோயால் இறந்தார், வயது 42. முதல் நிலையம் அளவீட்டைத் தொடங்கியதைக்கூட அவர் பார்க்கவில்லை. எனக்கு அது இன்றும் வருத்தம் தரும் செய்தி.

10 ஜனவரி, மாலை 5.30

முதல் துருவ ஆண்டில் எத்தனை நாடுகள் என்று கேட்டிருக்கிறார்கள். 11 என்றும் 12 என்றும் இரண்டு கணக்கு உலவுகிறது. முதன்மை நிலையங்கள் 14:

ஆஸ்திரியா-ஹங்கேரி யான் மாயன் தீவில், டென்மார்க் கோட்ஹாப், பின்லாந்து சொடன்கிலா, நார்வே பொசெகோப், சுவீடன் ஸ்பிட்ஸ்பெர்கனின் கேப் தோர்ட்சென், ரஷ்யா நோவயா ஸெம்லியா, லீனா கழிமுகத்தில் சகஸ்திர், பிரிட்டன் கனடாவின் ஃபோர்ட் ரே, அமெரிக்கா பாயின்ட் பாரோ, லேடி ஃபிராங்க்ளின் விரிகுடா, ஜெர்மனி பாஃபின் தீவின் கிங்குவா, தெற்கே தென் ஜார்ஜியா, பிரான்ஸ் கேப் ஹார்ன், நெதர்லாந்து டிக்சன் தீவுக்குப் புறப்பட்டு, போய்ச் சேராமல், காரா கடல் பனியில்.

இப்படி எண்ணினால் 11 வரும், அதுவும் ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த பின்லாந்தைத் தனியாகச் சேர்த்தால். ஃபோர்ட் ரே கூட்டு முயற்சி என்று கனடாவையும் எண்ணினால் 12. இரண்டில் எதைச் சொன்னாலும் யாரைச் சேர்த்தீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

டச்சுக் குழுவின் வர்னா கப்பலைப் பனி நசுக்கி மூழ்கடித்தது. அவர்கள் போக நினைத்த இடத்துக்குப் போகவே இல்லை. ஆனாலும் பனியில் மிதந்தபடி வானிலை அளவுகளை எடுத்தார்கள்.

10 ஜனவரி, இரவு 10.05

"ஒரே நொடியில் அளப்பது" என்று சுலபமாக எழுதிவிட்டேன், நடைமுறையில் அது என்ன வேலை என்பதையும் சொல்ல வேண்டும்.

சாதாரண நாளில் மணிக்கு ஒருமுறை பதிவு. மாதத்தின் 1, 15 ஆகிய தேதிகள் சிறப்பு நாட்கள் (ஜனவரியில் மட்டும் 1-க்குப் பதில் 2). அன்று 24 மணி நேரமும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை காந்தக் கருவிகளைப் படிக்க வேண்டும். அதிலும் குறித்த ஒரு மணி நேரத்துக்கு 20 நொடிக்கு ஒருமுறை. எல்லா நிலையங்களுக்கும் பொதுவான நேரம் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர நேரம். அங்கிருந்த விஞ்ஞானிகள் காஸும் வேபரும் 1830-களில் நடத்திய காந்தச் சங்கத்தின் வழக்கம் அப்படியே தொடர்ந்தது. கோட்டிங்கன் கிரீன்விச்சைவிட ஏறக்குறைய 39 நிமிடம் 46 நொடி முந்தியது. பாயின்ட் பாரோவில் இருப்பவருக்கு கோட்டிங்கன் நண்பகல் என்பது உள்ளூர்க் கணக்கில் நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய 54 நிமிடம்.

சிக்கல் இங்கேதான். தந்தி கிடையாது, ரேடியோ இன்னும் வரவில்லை. நேரம் தெரிய உங்கள் தீர்க்கரேகை தெரிய வேண்டும், அதற்கு நட்சத்திரமும் நிலவும் பார்க்க வேண்டும், வானம் தெளிய வேண்டும். தீர்க்கரேகையில் கால் பாகை பிசகினால் கடிகாரத்தில் முழு ஒரு நிமிடம் பிசகும். 20 நொடிப் பதிவுகளுக்கு அர்த்தமே இல்லாமல் போகும். குளிரில் குரோனோமீட்டர் என்ற துல்லியக் கடிகாரத்தின் ஓட்டமும் மாறும். அதனால் அதைச் சூடான அறையில் வைத்து, காந்தக் குடிலுக்குக் குரல் கொடுத்தோ மணியடித்தோ நேரம் சொல்ல வேண்டியிருந்தது.

காந்தக் குடிலில் இரும்பு ஆணி ஒன்று இருந்தாலே அளவு கெடும்: மர முளை, செம்பு ஆணி, செம்பு அடுப்பு. அடுப்பு மூட்டினால் வெப்பம் ஏறி காந்த ஊசியின் வலிமை மாறும். மூட்டாவிட்டால் அளவு பார்க்கும் தொலைநோக்கியின் கண்ணாடியில் மூச்சு உறையும். கத்தி, பொத்தான், துப்பாக்கி எல்லாம் வெளியே. இன்னொன்று, மாறுபாட்டுக் கருவி காட்டுவது வித்தியாசத்தை மட்டும். அடிப்படை அளவை வேறொரு கருவியால் அடிக்கடி தனியாக எடுக்காவிட்டால் ஒரு வருடத் தாள்களும் தொங்கலில் நிற்கும்.

1882 நவம்பர் 17-இல் பெரும் காந்தப் புயல் அடித்தபோது இத்தனை குடில்களும் விழித்திருந்தன. வைப்ரெக்ட் கேட்டது அதைத்தான்.

11 ஜனவரி, காலை 8.20

அமெரிக்காவின் கிரீலி குழுவைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார், "இது கூட்டாய்வா, தற்கொலையா" என்று. லேடி ஃபிராங்க்ளின் விரிகுடாவில் 25 பேர். 1882-இல் வர வேண்டிய கப்பல் பனியைத் தாண்டவில்லை. 1883-இல் வந்த புரோட்டியஸ் நசுங்கி மூழ்கியது. 1884 ஜூனில் மீட்கப்பட்டவர்களில் உயிரோடு ஊர் சேர்ந்தவர்கள் 6 பேர். பட்டினியில் இருந்தவர்கள் பதிவேடுகளைக் கைவிடவில்லை. அந்த அளவுகள் இன்றும் பயன்படுகின்றன.

கவனிக்க வேண்டியது: குறையில்லாமல் வகுக்கப்பட்டது அளவீட்டுத் திட்டம்தான். மீட்புத் திட்டம் அந்தந்த நாட்டின் சொந்தப் பொறுப்பாக விடப்பட்டது. பொதுவான மீட்பு ஏற்பாடு எதுவும் அந்த மூன்று மாநாடுகளிலிருந்து வரவில்லை.

11 ஜனவரி, பிற்பகல் 2.45

முதல் ஆண்டு தோற்ற இடம் இன்னொன்று: வெளியீடு. ஒவ்வொரு நாடும் தன் தொகுதியைத் தன் மொழியில், தனக்குத் தோன்றிய வேகத்தில் அச்சிட்டது. எல்லாவற்றையும் ஒரே மேசையில் போட்டுப் பார்க்க ஓர் அமைப்பு இல்லை. தரவு இருந்தது, ஆனால் சேரவில்லை.

இரண்டாம் துருவ ஆண்டு 1932–33, பெருமந்தத்தின் அடியில். தலைமை டென்மார்க்கின் டான் லா கூர். அவர் வடிவமைத்த காந்தப்பதிவி ஒளிப்படத் தாளில் தானாகவே எழுதும்: வழக்கமான ஓட்டம் மணிக்கு 15 மி.மீ., விரைவு ஓட்டம் மணிக்கு 180 மி.மீ. 20 நொடிக்கு ஒருமுறை கண்ணை வைத்துப் படித்த வேலை அதோடு போயிற்று. பலூனில் ரேடியோ கட்டி மேல்வளி வெப்பத்தை அறியும் ரேடியோசோண்டும் (பிரான்சில் பூரோ 1929, சோவியத்தில் மொல்சனோவ் 1930) அப்போது புதிது. பிறகு உலகப்போர் வந்தது, லா கூர் 1942-இல் இறந்தார், சேர்த்து வைத்த தரவில் ஒரு பகுதி தொலைந்தது.

இந்த இழப்புதான் அடுத்த திட்டத்தை வடிவமைத்தது என்று நான் நினைக்கிறேன்.

11 ஜனவரி, இரவு 9.30

மூன்றாவது, பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டு. 1950 ஏப்ரல் 5, மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் இயற்பியலாளர் ஜேம்ஸ் வான் ஆலனின் வீட்டில் இரவு விருந்து. லாய்டு பெர்க்னர், 50 வருட இடைவெளிக்குக் காத்திருக்காமல் 25 வருடத்திலேயே இன்னொரு துருவ ஆண்டு நடத்தலாம் என்றார். சிட்னி சாப்மன் உடனே ஒப்புக்கொண்டார். 1957–58-இல் சூரியப் புள்ளிகள் உச்சத்துக்கு வரும் என்பது கணக்கு (1932–33 அடிமட்டத்தில் விழுந்தது). துருவம் என்ற பெயரும் பூமி முழுதுக்குமாக விரிந்தது. 1957 ஜூலை 1 முதல் 1958 டிசம்பர் 31 வரை, 67 நாடுகள்.

மூன்று ஏற்பாடுகளைச் சொல்கிறேன்.

உலகத் தரவு மையங்கள்: ஏ அமெரிக்காவில், பி சோவியத்தில், சி ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா எனப் பிரிந்து. ஒரு மையத்துக்குத் தந்த பதிவு நகலாகி மற்றவற்றுக்கும் போக வேண்டும். ஒன்று எரிந்தாலும், ஓர் அரசு கதவைச் சாத்தினாலும், தரவு மிஞ்சும்.

நேரம்: ரேடியோசோண்ட் பலூன்கள் 03, 15 மணிக்குப் பதில் 00, 12 மணி உலக நேரத்துக்கு மாறியது 1957-இல்தான். துருவ இரவில் காற்று −80 பாகைக்குக் கீழே போகும்போது பலூன் ரப்பர் விறைத்துச் சீக்கிரம் வெடிக்கும். ஏற்றுவதற்கு முன் எண்ணெயில் தோய்த்து எடுப்பார்கள். சூரிய ஒளி உணரியைச் சூடாக்குவதற்கான திருத்தமும் நாட்டுக்கு நாடு வேறு. அந்தப் பிழை வெயில் காலத்தில் இருக்கும், துருவ இரவில் இருக்காது. ஆகவே இரு நாட்டுத் தரவை அப்படியே ஒட்டினால் பொய்யான பருவ மாற்றம் தெரியும்.

ஆள் மாற்று: அண்டார்டிகாவின் வானிலைத் தரவெல்லாம் அமெரிக்காவின் லிட்டில் அமெரிக்கா நிலையத்தில் குவிந்தது. அங்கே சோவியத் வானிலையாளர் ரஸ்தோர்குயேவ் குளிர்காலம் முழுக்க இருந்து வேலை செய்தார். அமெரிக்கர் கார்ட்ரைட் சோவியத்தின் மிர்னி நிலையத்தில் இருந்தார். ஸ்புட்னிக் பறந்த வருடம் அது.

12 ஜனவரி, காலை 7.00

தென் துருவப் புள்ளி யாருக்கு என்பது 1955 ஜூலை பாரிஸ் மாநாட்டில் கிளம்பியது. அமெரிக்கா, சோவியத் இரண்டுக்குமே ஆசை. தலைவர் ஜார்ஜ் லக்லாவேர் தொடக்கத்திலேயே விதி போட்டுவிட்டார்: இங்கே தொழில்நுட்பம் மட்டும், அரசியல் பேசுவதில்லை. அமெரிக்கா துருவத்துக்கு ஏற்கனவே திட்டம் அறிவித்திருந்தது. சோவியத் புவிக்காந்தத் துருவத்தருகே வோஸ்தோக் நிலையத்தையும், கடற்கரையிலிருந்து மிகத் தொலைவான அணுகரும் புள்ளியையும் எடுத்துக்கொண்டது. அறிவியல் கணக்கில் அதனால் நட்டம் இல்லை. இரண்டு நிலையங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைவிட இந்தப் பரவல் மேல்.

1958 டிசம்பரில் பெல்ஜியத்தின் காஸ்டன் டி ஜெர்லாஷும் மூன்று பேரும் விமானம் பழுதாகிப் பனியில் மாட்டியபோது, மிர்னியிலிருந்து பெரோவ் தன் லி-2 விமானத்தில் பறந்துபோய்த் தேடி மீட்டார். கிரீலி காலத்தில் இல்லாத மீட்பு இது. எல்லா நிலையங்களும் ஒரே ரேடியோ வலையில் வானிலைச் செய்திக்காகத் தினமும் பேசிக்கொண்டிருந்ததால் கூப்பிடவும் முடிந்தது. காந்தப் புயல் நாட்களில் அந்த வலையும் ஊமையாகும் என்பது வேறு விஷயம்.

12 ஜனவரி, பகல் 12.10 (இழையைத் தொடங்கியவர்)

ஏற்கிறேன், ஒத்துழைப்பு முன்பே இருந்தது. அப்படியானால் ஒப்பந்தம் எதற்கு?

12 ஜனவரி, மாலை 6.40

துப்பாக்கிக்கு. 1952 பிப்ரவரியில் ஹோப் விரிகுடாவில் பிரிட்டிஷ் குழு இறங்கியபோது அர்ஜென்டினர் தலைக்கு மேலே சுட்டார்கள். ஏழு நாடுகள் நிலம் கோரியிருந்தன. பிரிட்டன், சிலி, அர்ஜென்டினா மூன்றின் கோரிக்கை ஒன்றன்மேல் ஒன்று. 18 மாத ஆய்வு ஆண்டு முடிந்ததும் பழைய சண்டை திரும்பும் என்ற பயம் நியாயமானது. 1958 ஜூனிலிருந்து ஏறக்குறைய 60 ஆயத்தக் கூட்டங்கள். 1959 டிசம்பர் 1 கையெழுத்து, 1961 ஜூன் 23 அமல்.

நான்காம் பிரிவு நிலக்கோரிக்கைகளை அப்படியே உறைய வைக்கிறது: யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, யாரும் புதிதாகச் சேர்க்கவும் முடியாது. மூன்றாம் பிரிவு தரவும் ஆளும் பரிமாறிக்கொள்ளச் சொல்கிறது. ஏழாம் பிரிவு, எந்த நிலையத்தையும் எந்நேரமும் பார்வையிடலாம். 1991 மாட்ரிட் நெறிமுறை (1998 ஜனவரியில் அமல்) ஏழாம் பிரிவில் கனிம வேலைக்குத் தடை. அறிவியலுக்கு விலக்கு உண்டு. ஸ்லெட்ஜ் நாய்களும் 1994 ஏப்ரலுக்குள் வெளியேறின, சீல்களுக்கு நோய் தொற்றும் என்று.

ஆகவே உங்கள் கேள்விக்கு: ஒப்பந்தம் கூட்டாய்வை உருவாக்கவில்லை, பாதுகாத்தது.

13 ஜனவரி, காலை 9.15

நீண்டகாலப் பதிவின் பலனாகத் தெரிந்தது ஓசோன் குறைவு. அண்டார்டிகாவில் பிரிட்டனின் ஹாலி நிலையம் புவி இயற்பியல் ஆண்டுக்காகத் திறந்தது. சூரிய ஒளியின் இரு அலைநீளங்களை ஒப்பிட்டு ஓசோனை அளக்கும் டாப்சன் நிறமாலைமானி அங்கே பல பத்தாண்டுகள் தொடர்ந்து வேலை செய்தது. அக்டோபர் சராசரி 300 டாப்சன் அலகுச் சுற்றிலிருந்து 1984-இல் ஏறக்குறைய 200-க்கு விழுந்ததை ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் 1985 மே மாதம் வெளியிட்டார்கள். ஜப்பானின் ஷோவா நிலையத்திலும் 1982-இல் சுபாச்சி மிகக் குறைந்த அளவுகளைப் பதிந்திருந்தார்.

டாப்சன் கருவியில் தவறு எளிது. சூரியன் தாழும்போது வழக்கமான ஏ-டி அலைநீள ஜோடி வேலை செய்யாது, பாதை நீளமாகி 305 நானோமீட்டர் ஒளி தேய்ந்துவிடும். சி-டி ஜோடிக்கு மாற வேண்டும். மாறும் இடத்தில் இரண்டையும் ஒரே நாளில் எடுத்து ஒப்பிடாவிட்டால் பதிவில் படி விழும். எல்லாக் கருவிகளும் ஒரே மூலக் கருவியான 83-ஆம் எண்ணுக்கு ஒப்பிடப்படுவதால்தான் ஹாலியின் 200-ஐயும் ஷோவாவின் எண்ணையும் ஒரே தாளில் வைக்க முடிகிறது.

பிரிட்டனின் ஃபாரடே நிலையம் 1996 பிப்ரவரியில் ஒரு பவுண்டுக்கு உக்ரைனிடம் போய் வெர்னாட்ஸ்கி ஆனது. நிபந்தனையின் சாரம் அளவீட்டுத் தொடர் அறுபடக்கூடாது என்பது. ஓசோன் பதிவு தொடர்ந்தது.

13 ஜனவரி, இரவு 8.50

பனித்தண்டு (ஆழத் துளையிட்டு எடுக்கும் பனி உருளை, பழைய காலநிலையின் பதிவு) பற்றிக் கேட்டவருக்கு. 1980-களில் வோஸ்தோக்: துளையிட்டது சோவியத், பகுத்தாய்ந்தது கிரெனோபிள், சக்லே ஆய்வகங்கள், ஏற்றிச் சென்றது அமெரிக்க ஹெர்குலிஸ் விமானம். 1987-இல் 160,000 ஆண்டு வெப்பமும் கரியமில வாயுவும் ஒன்றாய் ஏறி இறங்கிய வரைபடம் வந்தது. 1999-இல் 420,000 ஆண்டு.

துளையில் திரவம் ஊற்றுவது ஏன்? பனியின் அடர்த்தி 0.917. வெற்றுத் துளையை நாலாபக்க எடை நெருக்கி மூடும். மண்ணெண்ணெய் மட்டும் ஊற்றினால் 0.80, 3,000 மீட்டர் ஆழத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 34 வளிமண்டல அழுத்தம், துளை மெல்ல ஒடுங்கி துளைக்கருவியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கனமான ஃபுளோரோகார்பன் கலந்து 0.92 அருகே கொண்டுவந்தார்கள். பிற்பாடு ஓசோன் காரணத்தால் அவற்றைக் கைவிட வேண்டி, கிரீன்லாந்தின் நீம் திட்டத்தில் (14 நாடுகள், 2,537 மீ.) எஸ்டிசால், கோசால் என்ற திரவங்களின் கலவை வந்தது. அது குளிரில் கெட்டியாவதால் கருவி இறங்கி ஏற நேரம் கூடும்.

10 ஐரோப்பிய நாடுகளின் எபிகா திட்டம், அண்டார்டிகாவின் டோம் சி-யில் 788 மீட்டரில் கருவி மாட்டிக்கொண்டு, பக்கத்தில் புதுத்துளை தொடங்க வேண்டியிருந்தது. அதுதான் 2004 டிசம்பரில் 3,270 மீட்டர், 800,000 ஆண்டு. அடியில் பனி உருகுநிலையை நெருங்கும்போது சீவல் உருகி வெட்டுத்தலையில் மறுபடி உறையும். மேற்பகுதியில் கருவியை ஒருமுறை இறக்கினால் 3 மீட்டர் வரும், அடியில் சில பத்து சென்டிமீட்டர்தான். தண்டை 55 செ.மீ. துண்டாக வெட்டி, நீளவாக்கில் அறுத்து, நாடுகளுக்குப் பங்கிட்டு, ஒரு பகுதியை அண்டார்டிகாவிலேயே சேமிப்பாக வைப்பார்கள்.

13 ஜனவரி, இரவு 11.30

ஒன்றை விட்டுவிட்டால் மேலே உள்ளது முழுமையாகாது. சேர்ந்து ஒரே துளை போடுவதுதான் நல்ல கூட்டாய்வு என்று நினைக்க வேண்டாம். கிரீன்லாந்தின் உச்சியில் ஐரோப்பியர் கிரிப் (3,029 மீ., 1992), அமெரிக்கர் கிஸ்ப்2 (3,053 மீ., 1993) என்று ஏறக்குறைய 30 கி.மீ. இடைவெளியில் இரண்டைப் போட்டார்கள். மேலிருந்து 2,700 மீட்டர் வரை கச்சிதமாகப் பொருந்தியது. அதற்குக் கீழே பொருந்தவே இல்லை. முந்தைய வெப்பக் காலத்தில் காலநிலை திடீர் திடீரென்று மாறியதாக கிரிப் காட்டியது பனி மடிப்பின் வேலை என்று புரிந்தது. ஒரே துளை இருந்திருந்தால் அது பாடப்புத்தகம் ஏறியிருக்கும். இரு குழுவும் எண்களை உடனே பகிர்ந்ததால்தான் தெரிந்தது.

14 ஜனவரி, மாலை 4.20

வட துருவம் வேறு உலகம். நடுவில் கடல், சுற்றிலும் நாடுகளும் அவற்றின் பொருளாதார மண்டலங்களும். அந்த மண்டலத்தில் அளக்கக் கரையோர நாட்டின் அனுமதி வேண்டும். 1973 பனிக்கரடி உடன்பாட்டில் ஐந்து நாடுகள், 1987 அக்டோபரில் கோர்பச்சேவின் முர்மான்ஸ்க் உரை, 1990-இல் பன்னாட்டு ஆர்க்டிக் அறிவியல் குழு, 1996-இல் ஆர்க்டிக் கவுன்சில், 2017-இல் ஃபேர்பேங்க்ஸில் எட்டு நாடுகளின் அறிவியல் ஒத்துழைப்பு உடன்பாடு.

ஸ்வால்பார்டின் நி-ஆலசுண்டில் பல நாட்டு நிலையங்கள் ஒரே கிராமத்தில். அங்கே 20 கி.மீ. ஆரத்துக்குள் 2 முதல் 32 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அமைதி. வைஃபை, புளூடூத் கிடையாது. புவியளவை ஆன்டெனா குவாசர்கள் எனும் தொலைதூர விண்பொருள்களின் சன்னமான ரேடியோ அலையைக் கேட்கிறது, ஒருவரின் கைப்பேசி அதை மூழ்கடிக்கும்.

மொசைக் திட்டம்: 2019 செப்டம்பர் 20-இல் ட்ரோம்ஸோவிலிருந்து புறப்பட்ட ஜெர்மன் ஆய்வுக் கப்பல் போலார்ஸ்டெர்ன், 20 நாடுகள், பனியோடு உறைந்து மிதந்தது. நடுக்குளிரில் சரக்கு கொண்டுவந்தது ரஷ்யாவின் பனியுடைப்பான் கபிதான் திரானித்சின். அடர்பனியில் எரிபொருள் கரைந்து, திரும்பும்போது இன்னொரு ரஷ்யப் பனியுடைப்பான் வந்து நிரப்ப வேண்டியிருந்தது. 2020 மேயில் பெருந்தொற்றால் ஆள்மாற்றும் கப்பல்கள் தடைபட, போலார்ஸ்டெர்ன் பனித்தட்டை விட்டு ஸ்வால்பார்ட் அருகே வந்து மாற்றிக்கொண்டது. கப்பல் சார்ந்த அளவீட்டில் வாரக்கணக்கில் இடைவெளி. தரவு முழுவதும் 2023 ஜனவரி 1-க்குள் பொதுவில் வர வேண்டும் என்று முதலிலேயே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். முதல் துருவ ஆண்டில் இல்லாமல் போனது இந்த ஒரு வரி.

14 ஜனவரி, இரவு 10.00

ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு, 2022 மார்ச்சில் மற்ற ஏழு நாடுகள் ஆர்க்டிக் கவுன்சிலில் பங்கேற்பதை நிறுத்தின. ஆர்க்டிக் கரையில் பாதிக்கும் மேல் ரஷ்யாவுடையது. நிலத்தடி உறைபனியின் பெரும்பகுதியும் அங்கேதான். போருக்கான காரணங்கள் எனக்கும் தெரியும். ஆனால் சைபீரிய நிலையங்கள் இல்லாத உறைபனி வரைபடம் சார்புள்ள மாதிரி. கனடாவிலும் அலாஸ்காவிலும் எத்தனை துளை கூட்டினாலும் அந்த மண்ணும் காடும் வேறு. செயற்கைக்கோள் மேற்பரப்பு வெப்பம் தரும், 10 மீட்டர் ஆழத்து வெப்பம் தராது. அதற்குத் துளையில் தொங்கும் உணரி வேண்டும், வருடம் ஒருமுறை மின்கலம் மாற்ற ஆள் போக வேண்டும்.

15 ஜனவரி, காலை 7.35

"இப்போது எதைக் கவனிப்பது" என்று கேட்டதற்கு: 2032–33 ஐந்தாவது துருவ ஆண்டின் (நான்காவது 2007–08) தரவு விதிகளை. இன்னொன்று மிகப் பழைய பனி. ஐரோப்பியக் குழு லிட்டில் டோம் சி-யில் 2025 ஜனவரியில் 2,800 மீட்டர் தொட்டது, 12 லட்சம் ஆண்டுக்கு மேற்பட்ட பனி. ஆஸ்திரேலியக் குழு அதே டோம் சி வட்டாரத்தில் தனித் துளை இறக்குகிறது. ஒரே வேலையை ஏன் இரண்டு முறை செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால், 13-ஆம் தேதி இரவு எழுதிய கிரிப், கிஸ்ப்2 குறிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். அந்த ஆழத்தில் பத்தாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட காலம் ஒரு மீட்டருக்குள் நெருங்கிக் கிடக்கும். ஒரு சின்ன மடிப்பு போதும் வரிசை கலைய.